குரோம்பேட்டையில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

நாவலூரில் காலை ஏழரை மணிக்கு பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாக நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒரு பக்கம் கல்லூரிப் பேருந்துகள். இன்னொரு பக்கம் சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிற கம்பெனிப் பேருந்துகள். கல்லூரிப் பேருந்தின் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டு போகிற பையன், நாலு வருடம் கழித்து கம்பெனிப் பேருந்தின் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் கும்பிடும் சாமியிடம் கேட்பதெல்லாம் அதுதான்!

அப்புறம் சில வருடங்கள் கழித்துப் பழைய மாணவர் சந்திப்பு என்று ஒன்று நடக்கும். எங்கே வேலை, எத்தனை சம்பளம், எந்த ஊரில் ஃபிளாட், பச்சை அட்டை வந்துவிட்டதா, குழந்தை எந்தப் பள்ளி... இந்த ஐந்து கேள்விகளில் ஒரு மனிதனின் பத்து வருட வாழ்க்கை முடிந்துவிடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. கூடப் படித்தவன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மனிதனுக்கு இயல்பானது.

ஆனால் அந்தச் சந்திப்புகளில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "நீ படிக்க யார் எதை விற்றார்கள்?" என்பதுதான் அது.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லக்கூடிய கல்லூரி ஒன்று நாவலூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில், குரோம்பேட்டையில் இருக்கிறது. எம்.ஐ.டி. என்று எல்லோரும் கூப்பிடும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. அதன் பழைய மாணவர்கள் சிலரின் கதை ஊரறிந்தது. ஆனால் அந்தக் கதைகளைத் தனித்தனியாகப் படித்தால் ஒன்று தெரியும், வரிசையாக வைத்துப் படித்தால் வேறொன்று தெரியும்.

ஒரு வீட்டின் விலை

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். தோல் பதனிடும் ஊர். ஒரு பக்கம் பல்லாவரம், இன்னொரு பக்கம் தாம்பரம், நடுவில் ரயில் தண்டவாளம், கொஞ்சம் தள்ளி மீனம்பாக்கம் விமான நிலையம். சுதந்திரம் வந்த காலத்தில் சென்னைக்கு வெளியே இருந்த இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வேண்டும் என்று ஆசைப்பட்டவர் சி. ராஜம் என்ற தொழிலதிபர்.

அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பேரப் பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது. அவரோ "இந்தியா ஹவுஸ்" என்று பெயர் வைத்திருந்த தன் பெரிய வீட்டை விற்றார். கிடைத்த ஐந்து லட்சம் ரூபாயைக் கல்லூரிக்குக் கொடுத்தார். மேற்கொண்டு நண்பர்களிடமும் தொழிலதிபர்களிடமும் நன்கொடை திரட்டினார். 1949இல் எம்.ஐ.டி. தொடங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குச் சொத்து எழுதி வைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சத்திரம் கட்டியவர்கள் உண்டு, குளம் வெட்டியவர்கள் உண்டு. அழகப்பச் செட்டியார் போல மாளிகையையே கல்விக்குக் கொடுத்தவர்களும் உண்டு. ராஜம் அந்த வரிசையில் வருகிறவர். ஆனால் அவர் பணம் போட்ட பாடங்கள் என்ன தெரியுமா? விமானப் பொறியியல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், கருவித் தொழில்நுட்பம். நான்கும் அன்றைக்குப் புதுசு. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று மற்ற கல்லூரிகள் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. நாட்டில் சொந்தமாக விமானம் கட்டும் தொழிலே தவழ்ந்துகொண்டிருந்தபோது, விமானம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் படிப்புக்கு ஒருவர் குடியிருந்த வீட்டை விற்றிருக்கிறார். வியாபாரிக்கு லாப நஷ்டக் கணக்கு தெரியாதா என்ன? தெரிந்தேதான் செய்தார்.

ராஜம் 1955இல் காலமானார். தன் வீட்டுப் பணத்தில் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

இரண்டாவது கதவு

எம்.ஐ.டி.யின் இன்னொரு விசேஷத்தைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே சேர பி.எஸ்சி. முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று வருடப் படிப்பு. முடித்தால் டி.எம்.ஐ.டி. என்ற பட்டயம்.

இது ஏன் முக்கியம்? அன்றைக்குத் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. கிண்டி, கோவை, அண்ணாமலை என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு யோசிக்க வேண்டும். இண்டர்மீடியட் முடித்த கையோடு விண்ணப்பம் போட வேண்டும். அந்த வயதில் ஒரு கிராமத்துப் பையனுக்குப் பொறியியல் என்று ஒரு படிப்பு இருப்பதைச் சொல்ல ஆள் வேண்டும். சொல்ல ஆள் இருந்தால் பணம் வேண்டும். இரண்டும் இல்லாதவன் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிடுவான். மூன்றாம் வருடம் வரும்போதுதான் அவனுக்கு விஷயம் புரியும். அதற்குள் முதல் கதவு சாத்தியிருக்கும்.

குரோம்பேட்டை அவனுக்கு இரண்டாவது கதவு. தாமதமாக வந்தவனுக்கென்றே திறந்த கதவு. இந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்களைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

வளையலும் சங்கிலியும்

ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாபுதீனின் மகன் அப்துல் கலாம், திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பி.எஸ்சி. கடைசி வருடத்தில்தான் இயற்பியல் தனக்கான துறை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. இண்டர்மீடியட் முடித்ததுமே பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும், தெரியாமல் போய்விட்டது என்று தன் சுயசரிதையான அக்னிச் சிறகுகளில் வருத்தப்பட்டிருக்கிறார். மேலே சொன்ன அதே கதைதான்!

எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். 1950களின் நடுவில் அது பெரிய தொகை. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சம்பாதித்து அந்த நகைகளை மீட்டே தீருவேன் என்று தம்பி மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார்.

கல்லூரி வளாகத்தில் பறந்து ஓய்ந்த இரண்டு பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் கலாம் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பாராம். முதல் வருடம் முடிந்ததும் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

இறுதி ஆண்டில் தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அவருக்கும் நான்கு நண்பர்களுக்கும் கிடைத்தது. வேலை மந்தமாக நடந்தது. வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். திருப்தி இல்லை. கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள்! முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் சொல்லிவிட்டார்.

இதைப் படிக்கும் ஒரு மாணவனுக்கு இது ஒரு சுவாரஸ்யமான சம்பவம், அவ்வளவுதான். ஆனால் கலாமுக்கு அந்த உதவித்தொகைதான் சோறு. அது நின்றால் படிப்பு நின்றது, ராமேஸ்வரத்தில் வளையல் போனது. இரவு முழுக்க வரைபலகையை விட்டு எழுந்திருக்காமல் வேலை செய்தார். மூன்றாம் நாள் பேராசிரியர் வந்து பார்த்து, முடியாது என்று நினைத்துத்தான் நெருக்கினேன் என்று ஒப்புக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனார்.

அதே கல்லூரியின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் தமிழில் எழுதி முதல் பரிசும் வாங்கினார் கலாம். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடனின் தேவன். துப்பறியும் சாம்புவைப் படைத்த அதே தேவன்தான்.

படிப்பு முடிந்து குழுப் புகைப்படம் எடுக்கும் நாளில் இன்னொரு சம்பவம். ஆசிரியர்கள் முன்னால் உட்கார, மாணவர்கள் மூன்று வரிசையில் பின்னால் நின்றார்கள். கலாம் கடைசி வரிசை. ஆஸ்திரியாக்காரரான பேராசிரியர் ஸ்பாண்டர் எழுந்து கலாமைத் தேடி, முன்னால் வந்து தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பழைய மாணவர் என்ற வாழ்க்கை கலாமுக்கு அந்த நாற்காலியில்தான் ஆரம்பமானது.

ஆனால் வெளியே போனதும் முதலில் கிடைத்தது தோல்வி. விமானி ஆக வேண்டும் என்ற ஆசையில் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். இருந்த இடங்கள் 8. கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். பாதுகாப்புத் துறையில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய பழைய மாணவர் சந்திப்பில் ஐந்து கேள்விகளுக்கும் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்

கலாம் படித்த அதே திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலிருந்து அதே காலகட்டத்தில் அதே குரோம்பேட்டைக்கு வந்த இன்னொருவர் எஸ். ரங்கராஜன். 1935இல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்துவிட்டு, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் போனார். தமிழர்கள் அவரை அந்தப் பெயரில் அறிய மாட்டார்கள். மனைவியின் பெயரில் எழுதினார். ஆம், சுஜாதாதான்!

கணேஷ், வசந்த் கதைகளைப் படித்தவர்களில் பலருக்கு அவர் செய்த இன்னொரு வேலை தெரியாது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை பாரத் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கியபோது அந்தப் பணியை மேற்பார்வை செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 1982 மே மாதம் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மின்னணு இயந்திரத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரத்தில்தான் வாக்களித்தார்கள்.

அந்த இயந்திரத்தின் மீது இன்று வரை சர்ச்சை ஓயவில்லை. அது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: ராஜம் விற்ற வீட்டின் ஒரு செங்கல், ஒரு வகையில் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சுஜாதா இன்னொன்றும் செய்தார். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் திருப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் என்றால் என்ன, சில்லு என்றால் என்ன என்று வார இதழ் வாசகனுக்குப் புரிகிற மாதிரி எழுதினார். 1980களில் சின்ன ஊர்களில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு எலக்ட்ரானிக்ஸ் மீது முதல் ஆசை வந்தது பாடப் புத்தகத்தால் அல்ல, "ஏன்? எதற்கு? எப்படி?" பகுதியால்தான். 2008 பிப்ரவரி 27 அன்று அவர் காலமானார்.

தும்பாவில் இருவர்

1963 நவம்பர் 21. திருவனந்தபுரம் அருகே தும்பா கடற்கரை. நாசா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ஒரு பழைய மாதா கோயில்தான் அலுவலகம். மாட்டுத் தொழுவம் ஆய்வுக்கூடம் ஆனது. அந்தச் சின்னக் குழுவில் கலாம் இருந்தது தெரியும். அதே குழுவில் ஆர். ஆராவமுதன் என்று இன்னொருவரும் இருந்தார். அவரும் எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்! அணுசக்தித் துறையில் நிம்மதியான வேலையில் இருந்தவர், விக்ரம் சாராபாய் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தார். இருவரும் பயிற்சிக்காக அமெரிக்கா போனார்கள். இருவரும் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அன்றைக்குத் தும்பாவில் நல்ல சாப்பாட்டுக்கே வழி இல்லை. அமெரிக்காவில் எல்லாம் இருந்தது. ஆராவமுதன் பின்னாளில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் இயக்குநராகவும், பெங்களூர் செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். இஸ்ரோவின் ஆரம்ப நாட்களைப் பற்றி 2017இல் ஒரு புத்தகமும் எழுதினார். 2021இல் காலமானார். கலாம் பெயர் தெரிந்த நூறு பேரில் ஆராவமுதன் பெயர் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிசயம். பழைய மாணவர் பட்டியல்கள் இப்படித்தான். மேலே இரண்டு பெயர் பளிச்சென்று இருக்கும், கீழே இருப்பவர்கள் மங்கிவிடுவார்கள்.

விற்ற நிலம்

1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றோடு எம்.ஐ.டி.யும் அதன் அங்கமானது. அந்தக் காலகட்டத்தில் குரோம்பேட்டைக்கு வந்தவர் கே. சிவன்.

கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளை. விவசாயக் குடும்பம். மாங்காய்ப் பருவத்தில் அப்பா கைலாசவடிவு மாம்பழ வியாபாரமும் செய்வார். அரசுப் பள்ளி, தமிழ் வழிக் கல்வி. பொறியியல் படிக்க ஆசைப்பட்டார் சிவன். பணம் இல்லை என்று சொல்லிவிட்டார் அப்பா. ஒரு வாரம் சாப்பிடாமல் அடம் பிடித்தும் நடக்கவில்லை. நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார். ஏன் நாகர்கோவில்? பக்கத்தில் இருந்தால்தான் கல்லூரி விட்டதும் வயலுக்கு வந்து கைகொடுக்க முடியும்!

மறுபடியும் அதே கதை. முதல் கதவு சாத்தியாகிவிட்டது. பி.எஸ்சி. முடித்ததும் அப்பாவே மனம் மாறினார். ஒரு தடவை தடுத்துவிட்டேன், இந்தத் தடவை தடுக்க மாட்டேன் என்று சொல்லி, நிலத்தை விற்றுப் படிக்க வைக்க முன்வந்ததை சிவன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்லூரிக்கு வேட்டி கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவர், முதன்முதலாக பேண்ட் போட்டது எம்.ஐ.டி.க்கு வந்த பிறகுதான்.

1980இல் விமானப் பொறியியல் முடித்தார். அதே 1980 ஜூலையில்தான் கலாம் தலைமையில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ஒரே கல்லூரியின் ஒருவர் உச்சியில் நிற்க, இன்னொருவர் சான்றிதழோடு வேலை தேடிக்கொண்டிருந்தார். வேலை உடனே கிடைக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு முடித்து 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2018 ஜனவரியில் அதன் தலைவரானார்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 தரையிறங்கு கலம் நிலாவின் தரையிலிருந்து சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சரியாகப் போய்ப் பிறகு தொடர்பு அறுந்தது. அன்று காலை சிவன் அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சிலர் கேலி கூடச் செய்தார்கள். கலாமின் முதல் எஸ்.எல்.வி.-3 ஏவுதலும் 1979 ஆகஸ்டில் வங்காள விரிகுடாவில்தான் விழுந்தது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அன்று பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். மறு வருடம் வெற்றி வந்தபோது கலாமை முன்னே அனுப்பிப் பேச வைத்தார். முன் வரிசை நாற்காலியின் இன்னொரு கதை இது.

பட்டியலில் வராதவர்கள்

வீட்டை விற்ற ராஜம். நகையை அடகு வைத்த ஜொஹரா. நிலத்தை விற்க முன்வந்த கைலாசவடிவு. மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். ஒரு இடத்தைக் கட்ட ஒருவர் சொத்தை விட்டார். அந்த இடத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைக்க இன்னொருவர் சொத்தை விட்டார். முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர் விற்றும் பயன் இல்லை.

ஜனாதிபதி ஆகாத, தலைவர் ஆகாத, நாவல் எழுதாத எம்.ஐ.டி. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தொழிற்சாலையில், விமானப் பணிமனையில், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு வளையல், ஒரு காணி நிலம் இருந்திருக்கும். அதைப் பற்றி யாரும் சுயசரிதை எழுதவில்லை. எம்.ஐ.டி. என்றால் கலாம் என்று மட்டும் சொல்லிப் பழகினால், லட்சத்தில் ஒருவருக்கு நடக்கும் அதிசயம் போல அது தோன்றிவிடும். ராஜம் அதிசயத்துக்காக வீட்டை விற்கவில்லை. சாதாரணப் பையன்கள் நல்ல பொறியாளர்களாக வெளியே வர வேண்டும் என்றுதான் விற்றார்.

கதவு இப்போது எப்படி இருக்கிறது?

1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. தாம்பரம், வண்டலூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று தென்சென்னையைச் சுற்றி வரிசையாகக் கட்டடங்கள் எழுந்தன. 1990களின் நடுவில் எம்.ஐ.டி.யும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்கு வருடப் படிப்புக்கு மாறியது. இடம் இல்லை என்ற பிரச்சினை போய்விட்டது. இன்றைக்கு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. முதல் கதவு அகலமாகிவிட்டது. நல்ல விஷயம்தான்.

ஆனால் தாமதமாகப் புரிந்துகொள்கிறவன் என்ன ஆவான்? பதினேழு வயதில் கலந்தாய்வில் எதைக் கிளிக் செய்தானோ அதுதான் தலையெழுத்து என்று ஆகிவிட்டது. கலாமும் சிவனும் பதினேழு வயதில் சரியான இடத்தில் இல்லை. இன்றைய கணக்கில் இருவரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்.

கதவு முழுதாக மூடிவிடவும் இல்லை. பாலிடெக்னிக் முடித்தவர்களும் பி.எஸ்சி. முடித்தவர்களும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. அந்த வழியாக வருகிற பையனை வகுப்பில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற பழக்கமும் இருக்கிறது. அப்படிப் பார்க்கிறவர்கள் ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். விழுப்புரத்தில் ரயில்வே தொழிலாளியின் மகன். முதலில் படித்தது பாலிடெக்னிக் டிப்ளமோ. பிறகு மேற்குத் தாம்பரத்தில் ஸ்ரீசாய்ராம் பொறியியல் கல்லூரி. திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. எல்லாம் அதற்கு அப்புறம்தான். பெயர் ப. வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவப் பகுதி அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர். சிவன் அழுத இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்து முடித்தவர், குரோம்பேட்டைக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் படித்தவர்!

நாவலூர் வழியாகக் கம்பெனிப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனையோ பேர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்கள் வாங்கிய ஃபிளாட்டுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் அப்பா விற்ற நிலத்தில் இன்று வேறு யாரோ மனைப் போட்டிருப்பார்கள். நிலத்தை விற்று வீடு வாங்கியிருக்கிறது ஒரு தலைமுறை. ராஜமோ வீட்டை விற்றுக் கல்லூரி கட்டினார்.

எல்லோராலும் வீட்டை விற்க முடியாது, விற்கவும் வேண்டாம். அடுத்த முறை பழைய மாணவர் சந்திப்பு நடக்கும்போது எங்கே வேலை, எத்தனை சம்பளம் என்று கேட்டு முடித்த பிறகு, ஆறாவதாக அந்தக் கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்தப் பதிலைக் கேட்ட கையோடு, கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் ஜூனியர் ஒருவனின் ஒரு செமஸ்டர் பணத்துக்கு அங்கேயே வசூல் ஆரம்பித்தால், குரோம்பேட்டைப் பெரியவர் போட்ட முதலுக்கு இன்னும் வட்டி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.